எறியும் எடைக்கு ஏற்ற தூண்டில் கம்பு

தூண்டில் கம்பு வாங்க நினைக்கும் ஒருவர் மனத்தில் முதலில் எழுவது, பிடிக்கப்போகும் மீனின் எடை பற்றிய கணக்கே. மூங்கில் கம்பின் நுனியில் நரம்பைக் கட்டி, முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை அமிழும்வரை கரையில் காத்திருந்த முறையில் இக்கணக்கு சரியானதாகவே இருந்தது. அங்கே மீனைத் தூக்கிக் கரையில் போடுவது முழுக்க முழுக்கக் கம்பின் வேலை. நரம்பைச் சுற்றி வைத்துக்கொள்ளவும், மீன் இழுக்கும்போது அளவாக விட்டுக்கொடுக்கவும் ரீல் எனும் கருவி வந்து, உயிருள்ள இரைக்குப் பதிலாக மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த செயற்கை இரையைத் தொலைவில் எறிந்து இழுக்கும் முறை பரவிய பின்னர், கம்பு செய்ய வேண்டிய வேலையே மாறிவிட்டது. ஒரு நாளில் மீன் ஒருமுறையோ இருமுறையோ சிக்கலாம், சிக்காமலும் போகலாம். ஆனால் இரையை நூற்றுக்கணக்கான முறை எறியவும், எறிந்த ஒவ்வொரு முறையும் அதை நீருக்குள் அசைத்து அசைத்துக் கரைக்குக் கொண்டுவரவும் வேண்டியிருக்கிறது. ஆகவே இம்முறைக்கான கம்பை எறியும் இரையின் எடையையும், அந்த இரையை இயக்கும் விதத்தையும் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த உண்மை மிகத் தெளிவாக வெளிப்படும் இடம், ஜெர்க்பெய்ட் எனப்படும் பெரிய வெட்டியிழுப்பு இரைகளுக்கான கம்பாகும்.

அக்கம்பை ஆராயுமுன், நம் வட்டாரத்து நீர்நிலைகளை அறிந்துகொள்ள வேண்டும். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இங்குள்ள கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பவை; ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிக் கோடையில் தரை தட்டிவிடுகின்றன. வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளும், வைப்பாற்றின் குறுக்கே வெம்பக்கோட்டை அணையும், அர்ச்சுனா ஆற்றில் ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி அணைகளும், விருதுநகரை அடுத்துக் குல்லூர்சந்தை அணையும் உள்ளன. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடப்பதும், கண்மாய்களில் தண்ணீர் ஏறுவதும் பெரும்பாலும் ஒரே காலத்தில் நிகழ்வதால், கரையில் தூண்டிலோடு நிற்பவர்களுக்கு அது உகந்த பருவமாக அமைகிறது. இந்த நீர்நிலைகளில் தூண்டில்காரர் பெரிதும் விரும்பும் வேட்டை மீன் விரால். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற வளர்ப்புக் கெண்டைகள் பொதுவாகச் செயற்கை இரையை விரட்டிப் பிடிப்பதில்லை. விராலோ தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து கவ்வும் இயல்புடையது. செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் துணை உறுப்பும் அதற்கு இருப்பதால் அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து மூச்செடுக்கிறது. அந்த ஒரு குமிழியே அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்நாட்டுக் குளங்களுக்கு ஏற்ற கம்பு எது என்ற ஆராய்ச்சி புதியதன்று. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாளராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் ‘தி ராட் இன் இண்டியா’ என்ற நூலை வெளியிட்டார்; பின்னர் 1887-இல், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே ‘டேங்க் ஆங்லிங் இன் இண்டியா’ என்று ஒரு தனி நூல் எழுதினார். இங்கிலாந்தின் ஆறுகளுக்கென வகுத்த முறைகளை அப்படியே இங்கே கொண்டுவந்து பயன்படுத்த முடியாது என்பதற்கு, தனியாக ஒரு நூல் தேவைப்பட்டதே போதிய சான்றாகும்.

ஜெர்க்பெய்ட் என்பது தானாக நீந்தாத இரை. பல செயற்கை இரைகளின் முகத்தில் நாக்குப் போன்ற ஒரு தகடு இருக்கும். ரீலைச் சுற்றினாலே போதும், நீர் அத்தகட்டில் மோதி இரையை நெளிய வைக்கும். ஜெர்க்பெய்ட்டில் அத்தகைய தகடு பெரும்பாலும் இருப்பதில்லை, ஆகையால் சும்மா இழுத்தால் அது மரக்கட்டையாகவே வரும். கம்பை வெட்டி இழுத்தால்தான் அதற்கு உயிர் வருகிறது. இவற்றுள் ஒருவகை, ஒவ்வொரு வெட்டுக்கும் இடம், வலம் என மாறி மாறி வழுக்கிச் செல்லும். மற்றொரு வகை இழுக்கும்போது முக்குளித்து, விட்டவுடன் மெல்ல மேலெழும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆன்டிகோ எனும் ஊரைச் சேர்ந்த ஃபிராங்க் சூயிக் உருவாக்கிய, வாலில் வளைக்கத்தக்க உலோகத் தகடு கொண்ட மர இரை, இந்த இரண்டாம் வகைக்குப் பெயர்பெற்ற முன்னோடி. வட அமெரிக்காவின் மஸ்கி, ஐரோப்பாவின் பைக் ஆகிய, நீண்ட தாடையும் கூரிய பற்களும் கொண்ட நன்னீர் மீன்களுக்காகவே இவை வளர்ந்தன. ஜெர்க்பெய்ட் என்ற பெயரில் 10 கிராம் அளவிலான சிறு இரைகளும் விற்கப்படுகின்றன. இங்கே பேசப்படுபவை அவையல்ல, ஏறத்தாழ 60 கிராம் முதல் 150 கிராமுக்கு மேலும் எடையுள்ள, ஒரு சாண் நீளத்தை எட்டும் இரைகள்.

இத்தகைய கனத்தை எறியும்போது கம்பில் நிகழ்வது என்ன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கம்பைப் பின்னுக்குக் கொண்டுபோய் முன்னோக்கி வீசுகையில், நுனியில் தொங்கும் இரை தன் நிலைமத்தால் பின்தங்கிக் கம்பை வளைக்கிறது. வளைந்த கம்பு நிமிரும்போது, சேர்த்து வைத்த விசையைக் கொடுத்து இரையைத் தள்ளுகிறது. கம்புக்கு இரை மிக இலேசாக இருந்தால் கம்பு வளைவதே இல்லை, எறிபவர் தோள் வலிமையால் மட்டுமே எறிய நேரிடும். இரை மிகக் கனமாக இருந்தால் கம்பு வளைந்த நிலையிலிருந்து உரிய நேரத்தில் நிமிர முடியாமல் தளர்ந்துபோகும், சில வேளை ஒடிந்தும் போகும். ஆகவேதான் ஒவ்வொரு கம்பின் கைப்பிடிக்குச் சற்று மேலே, அது எறியத்தக்க இரையின் எடை வரம்பு அச்சிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது அவுன்ஸ் கணக்கில் இருக்கும். ஓர் அவுன்ஸ் என்பது சற்றேறக்குறைய 28 கிராம். மூன்று முதல் எட்டு அவுன்ஸ் என்று குறித்திருந்தால் 85 முதல் 225 கிராம் வரை எறியலாம் என்பது பொருள். அந்த வரம்பின் இரு கோடிகளையும் நம்பாமல், தாம் மிகுதியாக எறியப்போகும் இரையின் எடை வரம்பின் நடுப்பகுதியில் விழுகிறதா என்று பார்ப்பதே அறிவுடைமை. ஏனெனில் முழு வேகத்தில் வீசும்போது 100 கிராம் இரை, அசையாமல் தொங்கும்போது தரும் சுமையைப் போலப் பல மடங்கு சுமையைக் கம்பின்மேல் ஏற்றுகிறது.

கம்பின் நீளத்தைப் பற்றிய பொதுக் கருத்து, நீளமான கம்பு தொலைவாக எறியும் என்பது. எறிவதை மட்டும் எண்ணினால் அது சரியே. நீளம் கூடினால் நுனியின் வேகம் கூடுகிறது. ஆனால் ஜெர்க்பெய்ட்டில் எறிவதைவிட இயக்குவதே பெரிய உழைப்பு. கிணற்றில் நீர் இறைத்த ஏற்றத்தின் துலாவைப் போலவே கம்பும் ஒரு நெம்புகோல். ரீலைப் பிடித்திருக்கும் கை அதன் தாங்குபுள்ளி, நுனி நீண்ட புயம், கைப்பிடியின் அடிப்பகுதி குறுகிய புயம். ரீலிலிருந்து நுனி 1.8 மீட்டர் தள்ளியிருக்க, வெட்டி இழுக்கும்போது நீர் 2 கிலோ அளவுக்கு எதிர்க்கிறது என்று கொண்டால், அடிக்கைப்பிடி 40 சென்டிமீட்டர் இருக்கும்போது அதன் முனையில் 9 கிலோ விசை தேவைப்படுகிறது. அடிக்கைப்பிடியை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் அது 14 கிலோவைத் தாண்டிவிடும். அடிக்கைப்பிடியை 40 சென்டிமீட்டராகவே வைத்து, நுனித் தொலைவை 2.4 மீட்டராக்கினால் 12 கிலோ வேண்டும். கம்பு வளைவதால் உண்மையில் இந்த எண்கள் ஓரளவு குறையும். ஆயினும் ஒரே எறிதலில் இருபது, முப்பது முறை வெட்டியிழுத்து, அதையே நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவரின் மணிக்கட்டுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. ஆகவே விலைப்பட்டியலில் பலரும் பார்க்காமல் விடுகிற அடிக்கைப்பிடியின் நீளத்தையே முதலில் அளந்து பார்க்க வேண்டும். ரீலைப் பிடித்து நிற்கும்போது கைப்பிடியின் அடி, முழங்கையைத் தாண்டிச் சற்றே நீண்டு, முன்கையின் அடியிலோ விலாவிலோ வசதியாக அணைந்து நிற்க வேண்டும்.

இக்காரணத்தாலேயே, வழுக்கிச் செல்லும் வகை இரைகளுக்கு ஆறரை முதல் ஏழடி வரையுள்ள, அதாவது சுமார் 2 முதல் 2.1 மீட்டர் வரையுள்ள கம்புகளைத் தூண்டில்காரர் நெடுங்காலமாக விரும்பி வந்தனர். இரையை இயக்குவதற்குக் கம்பின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தி வைத்துக் கீழ்நோக்கி வெட்ட வேண்டும். படகில் நிற்பவருக்கு நீர்மட்டம் காலடியிலேயே இருப்பதால் நீண்ட கம்பின் நுனி ஒவ்வொரு வெட்டுக்கும் நீரில் அடிபடும். கண்மாயின் உயர்ந்த கரைமேலோ அணையின் கற்சரிவிலோ நிற்பவருக்கு இத்தடை இல்லை. நிற்கும் இடம் நீர்மட்டத்திலிருந்து உயர்ந்திருப்பதால் ஏழரை, எட்டடிக் கம்பையும் தாராளமாகத் தாழ்த்தலாம், கரையோரப் பாசிக்கு மேலாக இரையைத் தூக்கி எடுக்கவும் அந்த நீளம் உதவும். முக்குளிக்கும் வகைக்கு நீண்ட வாரியிழுப்புகள் தேவையாகையால் அதற்கும் சற்று நீண்ட கம்பே பொருந்தும். அமெரிக்காவிலும் அண்மைக் காலத்தில் எட்டு, ஒன்பது அடிக் கம்புகள் பரவியிருக்கின்றன. அங்கே படித்ததையோ படகில் நிற்பவர் காணொளியில் கண்டதையோ வைத்து நீளத்தை முடிவு செய்யாமல், தாம் நிற்கப்போகும் கரையின் உயரத்தையும் தம் உயரத்தையும் சேர்த்து முடிவு செய்வதே முறை.

நீளத்துக்கு அடுத்து வருபவை விறைப்பும் வளைவும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். விறைப்பு என்பது கம்பை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. மீடியம், ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி என்ற குறிப்புகள் அதையே சுட்டுகின்றன. வளைவு என்பது கம்பு எந்த இடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்பது. நுனிப்பகுதி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், பாதிவரை வளைந்தால் மாடரேட். பெரிய ஜெர்க்பெய்ட்டுக்கு ஹெவி அல்லது எக்ஸ்ட்ரா ஹெவி விறைப்பும் ஃபாஸ்ட் வளைவும் வேண்டும், ஏனெனில் கையின் வெட்டு சேதாரமில்லாமல் இரையைச் சென்றடைய வேண்டும். நுனி தொளதொளவென்று இருந்தால் வெட்டின் விசையை நுனியே குடித்துவிடும், இரை அசைவதற்குப் பதிலாகத் தயங்கித் தயங்கி நகரும். அதற்காக இரும்புக் கம்பி போன்ற விறைப்பையும் தேடக் கூடாது. சிக்கிய மீன் தலையை உதறும்போது ஓரளவு வளைந்துகொடுக்கும் நுனி இல்லாவிட்டால், மூன்று கொக்கி முள் வாயைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடும். கவனத்தில் கொள்ள வேண்டிய மற்றொன்று, இக்குறிப்புகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது என்பது. ஒரு நிறுவனத்தின் ஹெவி இன்னொன்றின் மீடியம் ஹெவியாக இருக்கலாம். கடையில் ஒரு சிறு சோதனை போதும்: எறிய எண்ணியிருக்கும் இரையையே கையோடு கொண்டுபோய், நரம்பை வளையங்களில் கோத்து நுனியில் தொங்கவிட்டு, கம்பைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கலாம். நுனி இலேசாகத் தலை வணங்கினால் பொருத்தம். கம்பு பாதிவரை தொய்ந்தால் அது அந்த இரைக்கு உரியதன்று.

கம்பு எதனால் ஆனது என்பதில் விளம்பரத்தின் செல்வாக்கு அதிகம். இப்பகுதிக் கரைகளில் இன்றும் காணப்படும் கல்மூங்கில் தன் வேலைக்கு ஒரு குறையுமில்லாதது, ஆனால் கனத்த இரையை வீசுவதற்குரிய விரைவான நிமிர்வு அதனிடம் இல்லை. கண்ணாடி இழைக் கம்புகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவின. அவை கனமானவை, அதே சமயம் இடிபாட்டைப் பொறுத்துக்கொள்பவை. கார்பன் இழை 1960-களில் இங்கிலாந்தில் பொறியியல் பொருளாக வளர்ந்து, 1970-களில் தூண்டில் கம்புகளில் இடம்பெற்றது; எடை குறைவு, விறைப்பு மிகுதி. கம்புகளின்மேல் 24 டன், 30 டன், 40 டன் என்று காணப்படும் எண்கள், கம்பு அத்தனை டன் தூக்கும் என்று சொல்வதாக எண்ணிப் பணத்தைக் கொட்டுவோர் உண்டு. அது ஒரு சதுர மில்லிமீட்டர் கணக்கில் கூறப்படும், இழையின் விறைப்புக்கான எண்ணே தவிர வலிமைக்கான எண்ணன்று. எண் உயர உயரக் கம்பின் சுவரை மெல்லியதாக்கலாம், எடையைக் குறைக்கலாம். ஆனால் பாறையில் ஒருமுறை இடிபட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பின்னொரு நாள் சாதாரண எறிதலிலேயே ஒடிந்துவிடும். கற்சரிவும் சீமைக்கருவேல முட்களும் நிறைந்த கரையில் நடந்து, இரு சக்கர வாகனத்தில் கட்டிக்கொண்டு போக வேண்டிய கம்புக்கு நடுத்தர எண்ணுள்ள கார்பனோ, கார்பனும் கண்ணாடி இழையும் கலந்ததோ மேலானது.

நரம்பு ஓடும் வளையங்களை வாங்குமுன் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கனத்த கம்பில் ஒவ்வொரு வளையமும் இரு கால்களால் கம்போடு இணைக்கப்பட்டிருப்பது நல்லது. வளையத்தின் உட்புறத்தில் பதிக்கப்பட்ட பீங்கான் போன்ற கடினப் பொருளில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அது நூலை அறுத்துவிடும். சிறிது பஞ்சை உருட்டி வளையத்துக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், விரிசல் உள்ள இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொண்டு நிற்கும். கண் காட்டாததைப் பஞ்சு காட்டிவிடும்.

கம்போடு இணையும் ரீலும் நூலும் கம்பின் குணத்தையே மாற்ற வல்லவை. தங்கூஸ் எனப்படும் நைலான் நரம்பு இழுத்தால் நீளும். ஆகவே கம்பு எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் வெட்டின் கூர்மை வழியிலேயே மழுங்கிவிடும். பின்னல் நூலான பிரெய்டு அநேகமாக நீள்வதில்லை. பெரிய ஜெர்க்பெய்ட்டுக்கு 65 முதல் 100 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 30 முதல் 45 கிலோ வரை தாங்கும் பிரெய்டு பயன்படுகிறது. அவ்வளவு வலிமை மீனுக்காக மட்டுமன்று, எறியும்போது ரீலில் நூல் சிக்கிக்கொண்டால் ஏற்படும் அதிர்ச்சியில் இரை அறுந்து பறந்துவிடாமல் இருப்பதற்காகவும்தான். கம்பின் மேற்புறத்தில் அமரும் உருளை ரீல், கனத்த இரைக்குக் கட்டுப்பாட்டைத் தருகிறது. கீழ்ப்புறம் தொங்கும் ஸ்பின்னிங் ரீலுக்குரிய கம்பு வேறு, அதன் வளையங்களும் கீழ்நோக்கியே இருக்கும். ஒன்றுக்கு உரிய கம்பில் மற்றொன்றைப் பொருத்தக் கூடாது.

இனி, இக்கம்பைக் கொண்டு இவ்வட்டாரத்தில் என்ன செய்வது என்ற நேர்மையான கேள்விக்கு வர வேண்டும். நீர்த்தாமரையும் பாசியும் கருவேலக் கட்டைகளும் அடர்ந்த கண்மாயில் 100 கிராம் ஜெர்க்பெய்ட்டை எறிந்தால், அதன் மூன்று கொக்கி முட்கள் இரண்டாம் வெட்டிலேயே எதிலாவது மாட்டிக்கொள்ளும். ஓரிரு கிலோ விராலுக்கு அந்த இரையும் பொருந்தாது. விராலுக்கு உரியது முட்கள் உடலோடு ஒட்டிப் படுத்திருக்கும் ரப்பர்த் தவளை. அதன் எடை 10 முதல் 20 கிராம். ஆயினும் மேலே கண்ட கணக்கே சிறிய அளவில் இங்கும் செல்லும்: தவளையின் எடை வரம்பின் நடுவில் விழ வேண்டும், கவ்விய விராலைப் பாசிக்குள் தலையை நுழைக்கவிடாமல் உடனே இழுத்தெடுக்கும் விறைப்பு அடிப்பகுதியில் வேண்டும், அடிக்கைப்பிடி முன்கையில் அணைய வேண்டும். ஜெர்க்பெய்ட் கம்பை வாங்கிவந்து 15 கிராம் தவளையை எறிய முயல்பவருக்குத் தவளை பத்தடியில் விழும்; கம்பின்மீது பழியில்லை.

பெரிய கம்புக்கு வேலை இருப்பது கடலில். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, வெம்பக்கோட்டை, சாத்தூர், இருக்கன்குடி வழியாக ஓடும் வைப்பாறு, தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அக்கடலின் பாறை மீனும், முகத்துவாரங்களில் ஏறும் கொடுவாவும் கனத்த செயற்கை இரையை விரட்டிக் கவ்வுபவை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டவையாதலால் அங்கே தூண்டில் போடக் கூடாது. இந்தியாவில் இவ்வகைக் கனத்த எறிதலுக்குப் பெயர்பெற்ற இடம் அந்தமான். பெரும்பாறை மீனுக்காக 100 கிராமுக்கு மேற்பட்ட இரைகளை அங்கே நாள் முழுதும் எறிகின்றனர். அங்கே விமானத்தில் செல்ல விரும்புபவர், நடுவில் இணையும் கம்பைவிடக் கைப்பிடியருகே இணையும் இரட்டைக் கம்பை வாங்குவது நல்லது. இணைப்பு அடியில் இருப்பதால் வளைவு கெடுவதில்லை.

எந்தக் கம்பானாலும் அதைப் பயன்படுத்துவதில் சில எச்சரிக்கைகள் தேவை. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். கண்மாய்க் கரைகளின்மேல் மின்கம்பிகள் குறுக்கே செல்லும் இடங்கள் பல. நீண்ட கம்பை நிமிர்த்திப் பிடித்தபடி அவற்றின் கீழ் நடப்பதும், அங்கே நின்று எறிவதும், ஐப்பசி இடிமழையில் வெட்டவெளிக் கரையில் கம்போடு நிற்பதும் உயிருக்கே ஆபத்தானவை. 100 கிராம் எடையும் மூன்று கொக்கி முட்களும் உள்ள ஒரு பொருள் பின்னோக்கி வீசப்படும்போது பின்னால் ஆடு மேய்ப்பவரோ, குளிக்க வந்த சிறுவரோ இருக்கக் கூடாது. ஒவ்வொரு எறிதலுக்கும் முன் திரும்பிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். முள்ளின் எதிர்ச்செதிலை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனின் வாயிலிருந்தும் மனித விரலிலிருந்தும் எளிதில் கழற்றலாம். கண்மாயின் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், கம்பை விரிக்குமுன் குத்தகைதாரரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ள வேண்டும். நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாகத் துள்ளும் இடத்தில் தாய் விராலோ தந்தை விராலோ அடியில் காவல் நிற்கும். குஞ்சுகளைக் காக்கும் வெறியில் அது எந்த இரையையும் பாய்ந்து கவ்வும். அதைப் பிடித்துவிட்டால் காவலற்ற குஞ்சுகளை மற்ற மீன்கள் விரைவிலேயே தின்று தீர்த்துவிடும் என்பதால், அத்தகைய இடத்தில் எறியாமல் நகர்ந்துவிட வேண்டும்.